முடிஞ்சுதா

பகல் முழுக்க ஐஸோடு வேலை எனக்கு.
குருநகர் ஐஸ் பக்டரியில்
உப்புத்தண்ணித் தொட்டிக்குள் நிற்கிற கட்டிகளைச்
சங்கிலி போட்டுத் தூக்கி, உடைத்து,
சீலாவும் விளைமீனும் திருக்கையும்
கொழும்பு மட்டும் கெடாமல் போக வைக்கிறவன்.
குளிர் எதை எப்படி நிப்பாட்டும் என்று
எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனாலும் மார்கழியில் ஏமாந்தேன்.

மச்சான் கிளறன்ஸ் நோர்வேயிலிருந்து
காற்சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தான்:
மோல்ட் பாகு இரண்டு தகரம்,
கசப்புப் பூ ஒரு பொட்டலம்,
பெருவிரல் நகத்தளவு காய்ந்த ஈஸ்ட்.
"இது வெக்கையில வாழுற சாதி.
முப்பத்தைஞ்சு பாகையெண்டால்தான் துள்ளும்.
அங்கை நாங்கள் போர்வை சுத்தி வளக்கிறம்,
உனக்கென்ன, வெயில் சும்மா கிடக்கு."

நீலப் பரலில் ஊற்றி மூடி,
சேலைன் குழாயொன்றை மூடியில் சொருகி,
மறுமுனையை ஜாம் போத்தல் தண்ணிக்குள் விட்டேன்.
முதல் இரவே குமிழி.
குளுக். குளுக்.
டெலிசியா செபமாலை மணி உருட்டுகிற வேகம்.
"உதென்ன, பால் குடிச்ச பிள்ளை மாதிரி விக்குது?" என்றாள்.

மூன்றாம் நாள் வாடை பிடித்தது.
கடல் கறுத்தது. வள்ளம் ஒன்றும் இறங்கவில்லை.
மீன் இல்லாத ஊருக்கு ஐஸ் எதற்கு,
நானும் வீட்டில்.
சுவர் வேர்த்தது. தோய்த்த சாரம் நாலு நாளாய்க் காயவில்லை.
பூநகரிப் பக்கம் மாடுகள் நின்ற நிலையில் விறைத்து விழுந்ததாம்,
பஸ்ஸில் வந்த ஆரோ சொன்னது.
பக்டரி வெப்பமானியைக் கொண்டுவந்து பரலில் கட்டினேன்.
இருபது.
கிளறன்ஸின் ஊரில் இருபது என்றால் கோடை,
கடற்கரையில் சட்டை கழற்றுவார்கள்.
இதுக்கு இருபது சாவு என்று நினைத்தேன்.

ஒரு குமிழிக்கும் அடுத்ததுக்கும் இடையில்
ஒரு அருள் நிறைந்த மரியே.
பிறகு பத்து மணி.
பிறகு முழுச் செபமாலை.
பிறகு டெலிசியா மாலையைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

பழைய வலை சுற்றினேன், அதன்மேல் சாக்கு.
கோழிக்குஞ்சுப் பெட்டியின் பல்பைக் கழற்றிக் கொழுவினேன்,
கரண்ட் போனது.
ஒரு கிழமை.
அடியில் சேறு மாதிரிப் படிந்து
மேலே கண்ணாடித் தெளிவு.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

நாக்கில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன்.
இனித்தது.
இனிப்பு மிச்சமிருந்தால் முடியவில்லை என்றுதான் கணக்கு.
கிளறன்ஸ் இரண்டு தரம் சொன்னவன்.
ஆனால் நத்தாருக்கு ஐந்து நாள்தான்.
"முடிஞ்சுது" என்றேன்.

இருபத்தெட்டுப் போத்தல். மூடி அடித்தேன்.
நத்தாருக்குப் பதின்மூன்று உடைத்தோம்.
"ஆறின மோல்ட் தேத்தண்ணி" என்றான் கிளறன்ஸ்,
குடித்து முடித்துவிட்டுத்தான்.
மிச்சம் குசினி மூலையில், தகரக் கூரைக்குக் கீழே.

தை போய் மாசி வந்தது. வெயில் திரும்பியது.
கூரை சடசடத்துச் சூடேறியது.
போத்தலுக்குள்
போர்த்துக்கொண்டு கிடந்தது எழும்பி
மிச்ச இனிப்பைத் தின்னத் தொடங்கியிருக்கிறது,
எனக்குச் சொல்லாமல்.

இரவு ஒன்று நாற்பது.
முதல் போத்தல்.
பிறகு இரண்டு, சேர்ந்து.
பிறகு கொஞ்சம் விட்டு ஒன்று.
அந்தக் கொஞ்சம் விட்டதுதான் கூடாதது.

டெலிசியா என் தலையைப் பிடித்துத் தரையில் அழுத்தினாள்.
நித்திரையிலேயே செய்தாள்.
ஒழுங்கையில் எரிந்த இரண்டு மூன்று லைற்றும்
ஒவ்வொன்றாய் நூர்ந்தன.
ஒரு நாய் குரைக்கவில்லை.
சீமெந்தில் கன்னம் வைத்துக் கிடக்கும்போது
மணம் வந்தது: பாண் மணம், கசப்புப் பூ மணம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவளுக்கு வரவில்லை. என் பிடரியிலிருந்து
கையையும் எடுக்கவில்லை.

மதிலுக்கு அங்கால்
வங்கி மனேசர் அமலநாயகம், மேசைக்குக் கீழே இருந்துதான் இருக்கவேணும்,
தாழ்ந்த குரலில், என்னைத்தான் என்றில்லாமல்,
கேட்டார்:
"முடிஞ்சுதா?"

குசினிக்குள் இன்னும் பதினொரு போத்தல் நிற்குது.
நான் வாய் திறக்கவில்லை.